தோல்வியில் முடியும் ஆட்டங்கள்

இலக்கியம் பேசும் இடத்தில் வீடியோ கேம் பற்றி எழுத முனைந்தால் வாசகர்களில் பாதிப்பேர் நெற்றியைச் சுருக்குவார்கள் என்பது நாம் அறியாததன்று. திரைப்படத்துக்கு இந்த இடம் கிடைக்கவே தமிழில் பல பத்தாண்டுகள் ஆயின. சித்திரக்கதைக்கு இன்னும் முழுதாகக் கிடைத்தபாடில்லை. அப்படியிருக்க, திரையின் அடியில் ஒரு பீரங்கியை இடமும் வலமும் நகர்த்திச் சுட்டுத்தள்ளும் ஆட்டங்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பது நியாயமே. ஆயினும் 1978 தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்குள் வந்த அந்தப் பழைய சுடும் ஆட்டங்களை மீண்டும் எடுத்து ஆடிப் பார்க்கையில், ஒரு பழைய நூலை மறுவாசிப்புச் செய்யும்போது எழும் அதே கேள்விகள்தாம் எழுகின்றன. இதை ஆக்கியவர் யார்? நம் கைக்கு வந்திருக்கும் பிரதி எது? மூலம் எங்கே முடிகிறது, இடைச்செருகல் எங்கே தொடங்குகிறது? இந்தக் கேள்விகளை எழுப்பாமல், 'அந்தக் காலத்து ஞாபகம்' என்ற பொட்டலத்தில் கட்டி அவற்றை விற்பதும் வாங்குவதும் அவற்றுக்குச் செய்யும் அநீதி என்பதே நம் கட்சி.

முதல் நூலிலிருந்தே தொடங்குவோம். ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1978இல் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஏறத்தாழ ஒரே மனிதரின் உழைப்பு. டோமோஹிரோ நிஷிகாடோ என்ற அந்தப் பொறியாளர் ஆட்டத்தை வடிவமைத்தார், உருவங்களை வரைந்தார், நிரலை எழுதினார், அதை எழுதுவதற்கான கருவியையும் தாமே கட்டிக்கொண்டார். மூளையாக இருந்தது இன்டெல் 8080 என்னும் சில்லு. அதன் வலிமை இன்றைய சாதாரணக் கைப்பேசியோடு ஒப்பிட்டுப் பேசும் தகுதிகூட அற்றது. திரை கறுப்பு வெள்ளை. அதன்மேல் ஒட்டிய வண்ணத் தாள்தான் நிறம் தந்தது. இந்த ஆட்டத்தால் ஜப்பானில் 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்தது என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. அதற்குத் தக்க ஆதாரம் இல்லை. ஆனால் பேரிலக்கியங்களைச் சுற்றி இத்தகைய கதைகள் முளைப்பது இயல்பு என்பதை நாம் அறிவோம்.

வரிசைக்கு 11 வீதம் 5 வரிசைகள். மொத்தம் 55 அயலுயிர்கள். பக்கவாட்டில் நகர்ந்து, விளிம்பைத் தொட்டதும் ஒரு படி கீழிறங்கி, மறுபக்கம் திரும்புகின்றன. அவற்றைச் சுடச்சுட எஞ்சியவை வேகம் பெறுகின்றன. கடைசி ஒன்று வெறிபிடித்தாற்போல் ஓடுகிறது. ஆடிய எவருக்கும் இது எதிரியின் சீற்றமாகவே தோன்றும். உண்மை வேறு. திரை ஒரு விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் ஓர் உருவத்தை மட்டுமே அந்தச் சில்லு நகர்த்துகிறது. 55 பேரும் ஓரடி வைத்து முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு விநாடி ஆகிறது. பத்துப்பேர் மட்டும் எஞ்சினால் ஆறில் ஒரு பங்கு விநாடி போதும். சுமை குறையக் குறைய இயந்திரம் விரைகிறது, அவ்வளவுதான். நிஷிகாடோ இதைத் திட்டமிடவில்லை. கண்டபின் திருத்தாமல் விட்டுவிட்டார். அந்த விடுதலில்தான் அவருடைய கலை இருக்கிறது. யாப்பின் நெருக்கடியில் வந்து விழுந்த ஒரு சொல், தேடி அலைந்தாலும் கிடைக்காத சொல்லாக அமைந்துவிடுவதைச் செய்யுள் எழுதிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நம் குண்டு ஒன்று திரையில் பறந்துகொண்டிருக்கும்வரை அடுத்ததைச் சுட முடியாது. குறி தவறினால் அது மேல் விளிம்பை அடையும்வரை நிராயுதபாணியாக நிற்க வேண்டும். நமக்குக் காப்பாக நிற்கும் நான்கு அரண்களை எதிரியின் குண்டுகளும் அரிக்கின்றன, அவசரப்பட்டு நாம் சுடும் குண்டுகளும் அரிக்கின்றன. ஒரு சொல்கூட இல்லாமல் பொறுமையையும் பதற்றத்தையும் பற்றி இந்த ஆட்டம் பேசிவிடுகிறது.

அதைவிட முக்கியம், இதில் வெல்லவே முடியாது என்பது. 55 பேரையும் வீழ்த்தினால் மறுபடியும் 55 பேர், இம்முறை சற்றே தாழ்வான இடத்திலிருந்து இறங்குகிறார்கள். முடிவு என்பது நம் தோல்வி மட்டுமே. எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தோம் என்பதே மதிப்பெண். அக்காலத்து ஆர்கேட் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றின் இலக்கணம் இதுதான். அதிக மதிப்பெண் எடுத்தவர் தம் பெயரின் மூன்று எழுத்துகளைப் பொறித்துச் செல்லலாம் என்ற வழக்கம் 1979இல் அட்டாரியின் ஆஸ்டிராய்ட்ஸ் வழியாகப் பரவியது. பல இயந்திரங்களில் மின்சாரத்தை நிறுத்தினால் அந்தப் பட்டியலும் அழிந்துபோகும். நிலையாமையைப் பாடிய மொழிக்குச் சொந்தக்காரர்களான நாம் இதைப் புரிந்துகொள்ள அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். இதில் தத்துவம் ஏது, நாணயத்தை விழுங்குவதற்காகச் செய்த தந்திரம்தானே இது? உண்மைதான். ஒருவர் நெடுநேரம் நின்று ஆடினால் கடைக்காரருக்கு நட்டம். எத்தனை உயிர்கள் தருவது, எந்த மதிப்பெண்ணில் கூடுதல் உயிர் தருவது என்பதையெல்லாம் அவர் பெட்டியைத் திறந்து சிறு விசைகளால் மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. ஆனால் வணிகத் தேவை ஒரு வடிவத்தைப் பிறப்பித்தது என்பதாலேயே அந்த வடிவம் கலையாகாது என்றால், வார இதழ்களின் தொடர்கதைகளை நாம் என்ன செய்வது? பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில் முடிவதற்குக் காரணம் அடுத்த இதழின் விற்பனையே. அந்தக் கட்டாயத்தை எழுத்தாளர் என்னவாக்கினார் என்பதைத்தானே நாம் பேசுகிறோம். அதே அளவுகோலை இங்கும் வைத்துப் பார்ப்போம்.

வைத்துப் பார்த்தால் 1980இல் அட்டாரி வெளியிட்ட மிசைல் கமாண்ட் நம்மைத் திடுக்கிட வைக்கும். டேவ் தியூரர் ஆக்கிய அந்த ஆட்டத்தில் ஆறு நகரங்கள், அவற்றைக் காக்க மூன்று ஏவுதளங்கள், தளத்துக்குப் பத்து வீதம் ஒரு சுற்றுக்கு முப்பது எறிகணைகள். வானத்திலிருந்து கோடுகோடாக அணுகுண்டுகள் இறங்குகின்றன. நாம் தடுக்கலாமே ஒழிய, திருப்பித் தாக்க வழியே இல்லை. தற்காப்பு மட்டுமே இருக்க வேண்டும் என்பது தியூரரின் தீர்மானம். தொடக்கத்தில் அவை கலிஃபோர்னியக் கடற்கரை நகரங்களாகவே எண்ணப்பட்டிருந்தன. பிறகு பெயர்கள் நீக்கப்பட்டன. பெயர் போனதும் அவை எல்லாருடைய நகரங்களும் ஆகிவிட்டன. சுற்று முடிகையில் எஞ்சிய நகரங்கள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. எறிகணைகள் போதாத வேளையில் எந்த நகரத்தைக் கைவிடுவது என்று முடிவு செய்யும் கணம் ஒன்று வருகிறது. அந்தக் கணம் தரும் உறுத்தலை, அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஆயுதங்களை எண்ணிக் குவித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளின் பல நாவல்கள் தந்ததில்லை. கடைசி நகரமும் அழிந்தபின் வழக்கமாக வரும் 'கேம் ஓவர்' வருவதில்லை; பெருகும் தீப்பிழம்பின் நடுவே 'தி எண்ட்' என்று வருகிறது. ஆட்டம் முடிந்தது என்பதற்கும் முடிவு என்பதற்கும் உள்ள தூரம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைச் செய்துகொண்டிருந்த காலத்தில் அணுப்போர் பற்றிய கொடுங்கனவுகள் தம்மைத் துரத்தியதாகத் தியூரர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

சுடும் ஆட்டம் என்றதும் எழும் அறக்கேள்வியை நாம் தவிர்க்க விரும்பவில்லை. யாரைச் சுடுகிறோம்? ஸ்பேஸ் இன்வேடர்ஸின் ஆக்கத்தின்போது விமானங்களும் டாங்கிகளும் முயன்று பார்க்கப்பட்டன. அசைவு சரியாக வரவில்லை. மனித உருவம் நன்றாகவே அசைந்தது. ஆனால் மனிதரைச் சுடுவது தகாது என்று அது கைவிடப்பட்டது. அதனால்தான் நமக்கு நண்டும் ஆக்டோபஸும் கணவாயும் போன்ற அயலுயிர்கள் கிடைத்தன. அந்த ஓவியம் ஒரு தயக்கத்தின் விளைவு.

அந்தத் தயக்கம் நீடிக்கவில்லை. 1984இல் ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1942 என்ற ஆட்டத்தை வெளியிட்டது. இதில் ஆடுபவர் அமெரிக்காவின் பி-38 போர் விமானத்தில் ஏறி, டோக்கியோவை நோக்கிப் பறந்து, ஜப்பானிய விமானங்களைச் சுட்டு வீழ்த்துகிறார். செய்தவர்கள் ஜப்பானியர், மனத்தில் கொண்டது மேலைச் சந்தை. தோற்ற நாட்டின் இளைஞர்கள் வென்ற நாட்டின் விமானியாக மாறித் தம் தந்தையர் தலைமுறையைச் சுட்டு விளையாடினார்கள் என்பதில் ஒரு முழு நாவலுக்கான கரு இருக்கிறது. போர் நினைவு சந்தையைச் சந்திக்கும்போது என்ன ஆகிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான ஆவணம் அரிது.

மறுகோடியில் 1980இன் பேட்டில்ஸோன் இருக்கிறது. ஒளிக்கோடுகளால் வரைந்த மலைகளுக்கிடையே டாங்கி ஓட்டும் அந்த ஆட்டத்தைக் கண்டு அமெரிக்க இராணுவம், தன் பிராட்லி கவச வாகன வீரர்களின் பயிற்சிக்காக ஒரு வடிவம் கேட்டது. அதை ஆக்கிய எட் ராட்பெர்க் மனமின்றியே செய்து தந்தார். இனி இராணுவ வேலை எதிலும் தம்மை ஈடுபடுத்தக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. கொனாமியின் கான்ட்ராவோ 1990இல் ஐரோப்பியத் தொலைக்காட்சிகளுக்குப் போகும்போது ப்ரோபோடெக்டர் என்று பெயர் மாறியது. ஜெர்மனியின் இளையோர் பாதுகாப்பு விதிகளை முன்னிட்டு வீரர்களும் எதிரிகளில் பலரும் இயந்திர மனிதர்களாக மாற்றி வரையப்பட்டனர். குண்டுகளின் எண்ணிக்கை மாறவில்லை. சுடப்படுபவரின் தோலை மாற்றினால் செயல் மாறிவிடுகிறதா என்ற கேள்வியை அந்தத் தணிக்கை தன்னையறியாமலே கேட்டுவிட்டது. இவ்வாட்டங்களைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்குபவர்களும், வன்முறை என்று ஒரே சொல்லில் கண்டிப்பவர்களும் காணத் தவறுவது இதைத்தான். இவற்றை ஆக்கியவர்களே இக்கேள்விகளோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் ஆக்கியவர்களின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? அட்டாரி தன் நிரலாளர்களின் பெயரை வெளியிட மறுத்தது. அந்த மனக்கசப்பில் சிலர் வெளியேறி 1979இல் ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். வாரன் ராபினெட் என்பவர் 1980இல் வந்த அட்வென்ச்சர் ஆட்டத்துக்குள் ஓர் இரகசிய அறை அமைத்து அதில் தம் பெயரை ஒளித்து வைத்தார். ஜப்பானிய நிறுவனங்களோ, போட்டியாளர்கள் ஆளைக் கவர்ந்து செல்வார்கள் என்று அஞ்சிப் புனைபெயர்களையே அனுமதித்தன. தொடர்ந்து சென்றால், 1990களில் நம் ஊர்க் கடைகளில் டிவி கேம் என்ற பெயரில் விற்ற பெட்டிகளுக்கு வருவோம். அவற்றில் பல, நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகாமின் அனுமதியற்ற நகல்கள். கேசட் என்று நாம் அழைத்த அட்டைகளில் ஆயிரக்கணக்கில் ஆட்டங்கள் இருப்பதாக அச்சிட்டிருக்கும். திறந்தால் சில பத்து ஆட்டங்களே வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். பல நகல்களில் முகப்புத் திரையிலிருந்த நிறுவனப் பெயரும் ஆண்டும் அழிக்கப்பட்டிருந்தன. முதல் ஏடு உதிர்ந்துபோன சுவடியைப் படிப்பதுபோல், ஒரு தலைமுறை கான்ட்ராவை ஆசிரியர் தெரியாத நாட்டார் கதையாகவே பெற்றுக்கொண்டது.

அந்தத் தலைமுறை இன்று நடுவயதில், அதே ஆட்டங்களின் மறுபதிப்புகளைக் காசு கொடுத்து வாங்குகிறது. பாடபேதம் பற்றிய நம் முறையீடு இங்குதான். இன்றைய மறுபதிப்புகள் பலவற்றில் 'ரிவைண்ட்' வசதி இருக்கிறது. செத்தவுடன் சில விநாடிகள் பின்னே போய் மறுபடி ஆடலாம். எந்த இடத்திலும் நிறுத்திச் சேமிக்கலாம். நாணயம் வரம்பின்றிக் கிடைக்கும். தோல்வியே இலக்கணமாக உள்ள ஒரு படைப்பிலிருந்து தோல்வியைப் பிடுங்கிவிட்டால் எஞ்சுவது என்ன? ஒரு சோகக் காப்பியத்தின் இறுதிக் காண்டத்தை நீக்கிவிட்டு, கதை முழுதும் இருக்கிறதே என்று சொல்வதற்கு ஒப்பானது இது.

மாற்றம் இன்னும் நுண்ணிய இடங்களிலும் நிகழ்கிறது. ஃபாமிகாமில் கிடைமட்டமாக ஒரே கோட்டில் எட்டு உருவத்துண்டுகளுக்கு மேல் காட்ட முடியாது. மீறினால் உருவங்கள் மினுக்கும். புதிய பதிப்புகளில் சில அந்த மினுக்கலை நீக்கித் தருகின்றன. திரை நிறைய எதிரிகள் வந்தால் பழைய இயந்திரம் திணறி வேகம் குறையும். அந்தத் தளர்ச்சியைப் பயன்படுத்தித்தான் கடினமான இடங்களைப் பலர் கடந்தார்கள். இன்றைய கணினி திணறுவதில்லை. ஆகவே அந்த மூச்சுவிடும் இடைவெளியும் இல்லாமல் போகிறது. பழைய குழாய்த் தொலைக்காட்சியின் ஒளிக்கசிவை எண்ணி வரைந்த உருவங்கள், தட்டைத் திரையில் செங்கல் அடுக்கியதுபோல் தெரிகின்றன.

1984இல் வந்த டக் ஹண்ட் இதன் உச்சம். அந்த விளையாட்டுத் துப்பாக்கியிலிருந்து எதுவும் புறப்படுவதில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக ஒளிர்கிறது. குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெண்மையைக் கண்டால் வாத்து விழுகிறது. சுடும் கருவி என்று நாம் நினைத்தது, உண்மையில் பார்க்கும் கருவி. குழாய்த் திரை உடனுக்குடன் ஒளிர்வதை நம்பிய ஏற்பாடு இது. தாமதித்து ஒளிரும் இன்றைய தட்டைத் திரைகளில் அந்தத் துப்பாக்கி குருடாகிவிடுகிறது. ஆட்டம் கெடவில்லை, துப்பாக்கி கெடவில்லை. அவற்றுக்கிடையே இருந்த உறவு மறைந்துவிட்டது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. வயதால் விரல்கள் தளர்ந்தவர்கள், உடல் ஒத்துழைக்காதவர்கள், வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே அரை மணி நேரம் மட்டுமே கிடைப்பவர்கள் ஆகியோருக்கு ரிவைண்ட் ஒரு வாசலைத் திறக்கிறது. இதை நாம் முழுமனத்துடன் ஏற்கிறோம். எளிமைப்படுத்திய கம்பராமாயணத்தை எவரும் எதிர்க்கவில்லை. அக்காலத்திலேயே குறுக்குவழிகள் இருந்தன என்பதும் உண்மை. கசுஹிசா ஹஷிமோட்டோ என்ற கொனாமி நிரலாளர் 1986இல் கிரேடியஸைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்கத் தமக்கே ஆட்டம் கடினமாக இருந்ததால் ஒரு பொத்தான் வரிசையை உள்ளே வைத்தார். அதுவே பிறகு கான்ட்ராவில் 30 உயிர் தரும் மந்திரமாயிற்று. 2020இல் அவர் மறைந்தபோது அந்த மந்திரத்தை உலகெங்கும் நினைவுகூர்ந்தார்கள். ஆகவே நாம் கேட்பது தடையன்று, குறிப்பு. எது மூலப்பாடம், எது பதிப்பாசிரியர் சேர்த்தது, எது நீக்கியது என்பதைச் சொல்லுங்கள். மூலத்தை மாற்றமின்றி ஆடும் வழியையும் அதே பேழையில் வையுங்கள். ஆக்கியவர்களின் பெயரைத் திரையில் இடுங்கள். ஒரு நல்ல பதிப்பிடம் நாம் எப்போதும் எதிர்பார்ப்பவைதாம் இவை.

இவ்வளவும் மறுபதிப்புப் பெறும் பேறு வாய்த்தவற்றுக்கே பொருந்தும். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று 2023இல் அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை நடத்திய ஆய்வு கூறியது. விற்பனையில் இல்லாத ஆட்டங்களை நூலகங்கள் ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து அணுகத் தரலாம் என்ற விதிவிலக்குக் கோரிக்கையை 2024 அக்டோபரில் அந்நாட்டுக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்துவிட்டது. 1997இல் நிகோலா சல்மோரியா தொடங்கிய மாமே என்னும் எமுலேட்டர் திட்டம், பழைய இயந்திரங்களின் உட்செயலைப் பதிவு செய்வதே தன் நோக்கம் என்று சொல்லிக்கொண்டு, தன்னார்வலர்களின் உழைப்பால் ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் இயக்கத்தைக் காத்து வைத்திருக்கிறது. ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, சட்டத்தின் சாம்பல் நிற ஓரத்தில் நின்று இவர்கள் செய்யும் வேலை அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. உரிமையாளர் விற்கவும் மாட்டார், பிறரைக் காக்கவும் விடமாட்டார் என்ற நிலையில் கறையான் எப்போதும் வெல்லும். இங்கே கறையானுக்குப் பதில் சில்லுகள் தம்மிலுள்ளதை மறக்கின்றன, மின்தேக்கிகள் கசிகின்றன.

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் 14 ஆட்டங்களைத் தன் சேகரத்தில் சேர்த்தது. 2013இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸும் சேர்ந்தது. அதற்கு வெகுமுன்பே, 1982இல், ஆங்கில நாவலாசிரியர் மார்ட்டின் ஏமிஸ் இந்த ஆட்டங்களைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். நெடுங்காலம் மறுபதிப்பின்றிக் கிடந்த அந்நூல் 2018இல் மீண்டும் அச்சேறியது. அருங்காட்சியகம் பொருளைக் காக்கும். பொருள் என்ன சொல்கிறது என்பதை எழுத்துத்தான் காக்க வேண்டும். தமிழில் அந்த எழுத்து இன்னும் தொடங்கவில்லை என்றே சொல்ல வேண்டும். நம்மிடம் இருப்பதெல்லாம் பெருமூச்சு.

பெருமூச்சில் ஒரு வசதி இருக்கிறது. அது நம்மைப் பற்றி மட்டுமே பேசும். விமரிசனமோ எதிரே இருப்பதைப் பற்றிப் பேசியாக வேண்டும். அடுத்த முறை இந்தப் பழைய ஆட்டங்களில் ஒன்று கைக்குக் கிடைக்கும்போது, வாசகர்கள் ரிவைண்டை ஒதுக்கி வைத்துவிட்டு, மூன்றே உயிரோடு ஒரு முறை ஆடித் தோற்றுப் பார்க்க வேண்டுகிறோம். எந்த இடத்தில் கை நடுங்கியது, எந்த நகரத்தை முதலில் கைவிட்டோம் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தொடங்குவதற்கு அது போதும்.